யாருடைய சமுதாயம்?
சமுதாய உளவியல் பட்டப்பின் கல்வி குறித்துச் சில குறிப்புகள்

சமூக உளவியலும் சமுதாய உளவியலும் ஒன்றல்ல. முன்னையது, மற்றவர்களின் முன்னிலையில் ஒரு மனிதர் எப்படிச் சிந்திக்கிறார், எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் வைத்துப் பார்க்கும் பழைய துறை. பின்னையது அதைவிட இளையது. உளத்துன்பம் என்று நாம் சொல்வதன் பெரும்பகுதி மனிதரின் மண்டைக்குள் உற்பத்தியாவதில்லை, வீட்டிலும் தெருவிலும் தொழிலிடத்திலும் அரசின் கொள்கைகளிலும் உற்பத்தியாகி அவருக்குள் இறக்கி வைக்கப்படுகிறது என்ற நிலைப்பாட்டிலிருந்து தொடங்குவது. தமிழில் இவ்விரண்டுக்கும் சொற்களை மாறி மாறிப் போட்டுப் பழகிவிட்டோம். இதை வெறும் மொழிபெயர்ப்புக் கோளாறாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. அதற்குப் பின்னர் வருகிறேன்.

ஒன்ராறியோப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு வருடங்கள் இத்துறையில் முதுமாணிப் படிப்பைப் படித்தேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. வகுப்பில் இருந்தவர்களில் பலர் என் மகளின் வயதினர். இப்போது எனக்குத் தெரிந்த மூன்று குடும்பங்களின் பிள்ளைகள் இதே படிப்புக்கு விண்ணப்பிக்க இருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், மூவரும் கிட்டத்தட்ட ஒரே பதிலையே சொல்கிறார்கள்: 'எங்கட சனத்துக்கு ஏதாவது செய்ய வேணும்.' அந்த 'எங்கட சனம்' என்ற சொற்றொடரை இத்துறை என்ன செய்கிறது, அச்சொற்றொடர் இத்துறையை என்ன செய்யக்கூடும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

துறையின் பிறப்புச் சான்றிதழை முதலில் பார்த்துவிடலாம். 1963 ஒக்ரோபர் 31இல் கென்னடி கையொப்பமிட்ட சட்டம் ஒன்று, மனநோயாளரைப் பெரும் மருத்துவமனைகளில் பூட்டி வைப்பதற்குப் பதிலாக அவரவர் ஊர்களிலேயே உளநல நிலையங்களை அமைக்க அமெரிக்க மத்திய அரசின் பணத்தை ஒதுக்கியது. அந்த நிலையங்களில் வேலை செய்ய உளவியலாளரை எப்படிப் பயிற்றுவது என்று பேசுவதற்காக 1965 மே மாதத்தில் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் சுவாம்ஸ்கொற் என்ற கடலோர ஊரில் 39 பேர் கூடினார்கள். 'சமுதாய உளவியல்' என்ற பெயர் அங்கேதான் நிலைபெற்றது. கூடியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளை ஆண்கள். சமுதாயம் என்ற சொல்லை அவர்கள் எத்தனை தடவை உச்சரித்திருப்பார்களோ தெரியாது. அச்சொல்லால் சுட்டப்பட்ட மக்கள் அந்த மண்டபத்தில் இருக்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் செல்மாவின் பாலத்தில் கறுப்பின மக்கள் அடிவாங்கியிருந்தார்கள். ஓகஸ்டில் லொஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதி எரிந்தது. அரசின் காசில், அரசு விட்டுவைத்த ஓர் இடைவெளியில், அரசைக் கேள்வி கேட்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு பிறந்த துறை இது. இந்த முரண் இன்றுவரை தீரவில்லை. தீர்ந்துவிட்டதாகப் பாடநூல்கள் பாவனை செய்கின்றன.

இருந்தாலும் அந்த இடைவெளியில் நல்ல காரியங்கள் நடந்தன. வில்லியம் றயன் 1971இல் எழுதிய, பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக்கும் போக்கைப் பற்றிய நூல் அவற்றில் ஒன்று. றயனின் கோபம் இனவாதிகள் மீதானதல்ல. அவர்களோடு அவருக்கு விவாதமே இல்லை. ஏழைகள் மேல் இரக்கம் கொண்டு, அவர்களது குடும்ப அமைப்பிலும் பண்பாட்டிலும் குறை கண்டுபிடித்து, அதைத் திருத்தத் திட்டம் வகுக்கும் நல்ல மனிதர்கள்மீதே அவர் பாய்ந்தார். இதைப் படித்தபோது எனக்கு ரொறன்ரோத் தமிழர் பற்றி மோட்டன் பைசரும் அவரது சகாக்களும் செய்த ஆய்வு நினைவுக்கு வந்தது. 2003இல் வெளியான அந்த ஆய்வின்படி, கேட்கப்பட்டவர்களில் சுமார் 12 சதவீதத்தினரிடம் பேரதிர்ச்சிக்குப் பின்னரான உளநெருக்கீடு இருந்தது. அவர்களில் பத்தில் ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருந்தார். இந்த இரண்டாவது எண்ணை நம்முடைய கூட்டங்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதற்குக் கிடைத்த விளக்கம் ஒன்றுதான்: நம்மவருக்கு விழிப்புணர்வு இல்லை, மனநோய் என்றால் வெட்கப்படுகிறார்கள், ஆகவே துண்டுப் பிரசுரம் அடிப்போம். மொழிபெயர்க்க வருபவர் பக்கத்து ஊராராக இருந்தால் வாயைத் திறந்து எதைச் சொல்வது, சொன்னது எங்கே போகும், அகதி விண்ணப்பத்தில் எழுதியதும் வைத்தியரிடம் சொல்வதும் பொருந்தாவிட்டால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, மிகுந்த விழிப்புணர்வோடு மௌனமாக இருப்பவர்களைத்தான் நாம் விழிப்புணர்வற்றவர்கள் என்கிறோம். றயனைப் படிக்க ஒரு காரணம் வேண்டுமென்றால் எனக்கு இது போதும்.

பாடத்திட்டத்தின் மற்றப் பகுதிகளை வேகமாகக் கடந்துவிடலாம். உயிரினச் சூழலியலிலிருந்து கருத்துகளை எடுத்து ஒரு பாடசாலையையோ ஒரு குடியிருப்பையோ விளங்கிக்கொள்ள முயன்ற ஜேம்ஸ் கெலி, ஆய்வுமுறைகள், திட்ட மதிப்பீடு, ஓர் அமைப்பில் பல மாதங்கள் களப்பயிற்சி, முடிவில் ஆய்வேடு. இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவருக்குச் சிகிச்சை அளிக்க உரிமம் கிடைக்காது என்பதைப் பெற்றோர் கவனிக்க. கன்சாஸ் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றை வருடக்கணக்காக அவதானித்த ரோஜர் பார்க்கர் மட்டும் எனக்கு மிகவும் பிடித்துப்போனார். தேவையான ஆட்களைவிடக் குறைந்த ஆட்களோடு இயங்கும் இடங்களில் ஒவ்வொருவரும் பல வேலைகளைச் செய்ய வேண்டி வருகிறது, தகுதி குறைந்தவரும் தேவைப்படுகிறார், அதனால் எல்லோரும் தாம் முக்கியமானவர்கள் என உணர்கிறார்கள் என்பது அவரது கண்டுபிடிப்பு. புகலிடத்தில் சிறுபத்திரிகை நடத்திய எவருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. தட்டச்சு செய்தவரே கவிதையும் எழுதி, மொழிபெயர்த்து, உறையில் முத்திரையும் ஒட்டினார். (நாலாவது இதழோடு எல்லோரும் சண்டை பிடித்துக்கொண்டு பிரிந்தது ஏன் என்பதைப் பார்க்கர் விளக்கவில்லை.)

இனித் துறையின் இதயத்துக்கு வருவோம். சீமோர் சரசன் 1974இல் எழுதிய நூலில், சமுதாய உணர்வு ஒன்றே இத்துறையின் மையமாக இருக்க வேண்டும் என்றார். தான் பிறரோடு பின்னப்பட்டவர், அவர்களை நம்பலாம், அவர்கள் தன்னை நம்பலாம் என்ற உணர்வு. 1986இல் டேவிட் மக்மில்லனும் டேவிட் சாவிஸும் அதை நான்கு கூறுகளாகப் பிரித்தார்கள்: உறுப்புரிமை, செல்வாக்கு, தேவைகள் நிறைவேறுதல், பகிர்ந்துகொண்ட உணர்வுப் பிணைப்பு. உறுப்புரிமைக்குள் எல்லைகள், பொதுக் குறியீடுகள், ஒருவர் செலுத்தும் விலை ஆகியன அடங்கும். விலை கூடினால் பிணைப்பும் கூடும். பின்னர் இதிலிருந்து பன்னிரண்டு கூற்றுகளைக் கொண்ட ஓர் அளவுகோல் பிறந்தது. உலகின் பல மூலைகளிலும் மக்கள் இதற்கு 'ஆம்', 'இல்லை' போட்டிருக்கிறார்கள்.

ஸ்காபரோவின் தொடர்மாடிக் குடியிருப்பு ஒன்றில் நானும் போட வைத்தேன். கூற்றுகளில் ஒன்று, தன் செயல்களைப் பற்றி அயலவர் என்ன நினைக்கிறார்கள் என்பதில் அக்கறை உண்டா என்று கேட்பது. 'ஆம்' என்றால் ஒரு புள்ளி. எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா சிரித்துவிட்டுச் சொன்னார்: 'பிள்ளை, நாலு சனம் என்ன கதைக்கும் எண்டு பாத்துப் பாத்துத்தானே இவ்வளவு காலமும் சீவிச்சது. ஓம் எண்டு போடுங்கோ.' போட்டேன். மகளை வேறு சாதியில் கட்டிக்கொடுக்க மறுத்ததும், கணவர் அடித்ததை முப்பது வருடம் மறைத்ததும், மகன் இயக்கத்தை விட்டு ஓடிவந்ததை எவருக்கும் சொல்லாமல் விட்டதும் எல்லாமாகச் சேர்ந்து அவரது சமுதாய உணர்வில் ஒரு புள்ளியாக ஏறியது.

இங்கேதான் என் அடிப்படை விமர்சனம் இருக்கிறது. இந்த அளவுகோலுக்கு அன்பும் கண்காணிப்பும் ஒன்றாகவே தெரியும். நான்கு கூறுகளையும் எடுத்து நமது கடந்த நாற்பது வருடங்களின் மேல் வைத்துப் பாருங்கள். எல்லைகள்: தமிழர், துரோகிகள். பொதுக் குறியீடுகள்: கொடி, நாள், பாடல், படம். விலை: 2006 மார்ச்சில் மனித உரிமைகள் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கை, ரொறன்ரோவிலும் லண்டனிலும் வீடுவீடாக அந்த விலை எப்படிக் கேட்கப்பட்டது, கொடுக்க மறுத்தவர்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்பதைப் பதிவு செய்திருக்கிறது. உணர்வுப் பிணைப்பு: 2009 மே 10 மாலை ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி நின்றவர்களிடம் இந்த வினாக்கொத்தைக் கொடுத்திருந்தால் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கிடைத்திருக்கும். அந்த உணர்வு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. முள்ளிவாய்க்காலில் உறவுகள் செத்துக்கொண்டிருக்க, பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அங்கே நின்ற தாய்மாரின் துயரில் எந்தப் பொய்யும் இல்லை. அதே நேரத்தில், அதே கூட்டத்தில் நின்ற ஒருவர், வன்னியில் மக்கள் தப்பி வெளியேற விடப்படவில்லை என்பதை உரத்துச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் நாம் அறிவோம். இரண்டும் ஒரே சமுதாய உணர்வின் இரண்டு வேலைகள்.

நியாயமாகச் சொல்வதானால் இத்துறைக்கு இது முற்றிலும் தெரியாத சங்கதியல்ல. மக்மில்லனும் சாவிஸும் தமது கட்டுரையின் இறுதியில், இந்த உணர்வு மனிதரை நெருக்கமாக்கும்போதே குழுக்களைப் பிரிக்கவும் செய்கிறது என எச்சரித்தார்கள். எச்சரிக்கை கட்டுரையிலேயே தங்கிவிட்டது; அளவுகோல் மட்டும் உலகம் சுற்றியது. அதே 1986இல் ஐரிஸ் மரியன் யங் என்ற பெண்ணிலைவாத மெய்யியலாளர், சமுதாயம் என்ற இலட்சியமே வேறுபாட்டை ஒடுக்குகிறது என்று வாதிட்டார். பத்து வருடங்களின் பின்னர் ஆன் புரொட்ஸ்கி, ஆபத்தான குடியிருப்புகளில் தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாருடன் பேசி, அயலோடு ஒட்டாமல் விலகி நின்றதுதான் அவர்களைக் காப்பாற்றியது என்று எழுதினார். அதற்கு 'எதிர்மறைச் சமுதாய உணர்வு' என்று பெயரிட்டார். என்னுடைய இரண்டு வருடங்களில் புரொட்ஸ்கிக்கு ஒரு வகுப்பின் பாதி நேரம் கிடைத்தது. புகலிடத் தமிழர் பற்றி ஆய்வு செய்ய விரும்பும் பிள்ளைகள் முதலில் அவரைப் படிக்கட்டும். ஊர்ச் சங்கத்துக்குப் போகாதவர்கள், தமிழ்க் கடைக்குப் போகாமல் அரை மணி நேரம் கார் ஓடி வேறு இடத்தில் மரக்கறி வாங்குபவர்கள், திருமண வீட்டில் 'நீங்கள் ஊரில எந்த இடம்?' என்ற கேள்வி வந்ததும் எழுந்து வெளியே போய் நிற்பவர்கள்: இவர்களுக்குச் சமுதாய உணர்வு இல்லை என்று முடிவுகட்ட முன்னர், எந்தச் சமுதாயத்திலிருந்து அவர்கள் தம்மைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

தொடக்கத்தில் விட்ட சொற்களின் பிரச்சினையை இப்போது எடுக்கலாம். தமிழ்நாட்டில் 'எங்க சமுதாயம்' என்றால் பல இடங்களில் அது சாதியைக் குறிக்கும். யாழ்ப்பாணத்தில் 'அவை என்ன ஆக்கள்?' என்று கேட்டால் கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் எது கேட்கப்படுகிறது என்று தெரியும். ஆங்கிலத்தில் மங்கலாகவும் இனிமையாகவும் ஒலிக்கும் ஒரு சொல், தமிழுக்கு வந்ததும் தன் பற்களைக் காட்டிவிடுகிறது. இது மொழிபெயர்ப்பின் தோல்வி என்று என் வழிகாட்டி நினைத்தார். மொழிபெயர்ப்புத்தான் உண்மையைச் சொல்கிறது என்பது என் வாதம்.

இன்னொரு சொல்லும் இருக்கிறது. ஜூலியன் றப்பபோர்ட் 1981இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். நோய்த்தடுப்பு என்ற பார்வை மக்களைத் தேவைகள் கொண்ட குழந்தைகளாகவே பார்க்கிறது. அவர்கள் உரிமைகள் கொண்ட குடிமக்கள். அவர்கள் தம் வாழ்வின் மீது அதிகாரம் கொள்வதே நமது குறிக்கோளாக வேண்டும் என்றார். அந்தக் குறிக்கோளுக்கு நமது தன்னார்வ நிறுவனங்கள் வைத்திருக்கும் தமிழ்ச்சொல் 'வலுவூட்டல்'. ஊட்டுதல்! சோற்றைக் குழைத்து, கவளமாக்கி, வாயைத் திறக்கச் சொல்லி ஊட்டுவது. றப்பபோர்ட் எந்தக் குழந்தையைத் தொட்டிலிலிருந்து இறக்கிவிட முயன்றாரோ, அதே குழந்தையை நாம் மடியில் தூக்கி வைத்துக்கொண்டோம். திட்ட அறிக்கைகளில் 'பெண்களை வலுவூட்டுவோம்' என்று வரும் இடங்களில் எல்லாம் கரண்டி யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பது பயனுள்ள பயிற்சி.

வடஅமெரிக்காவுக்கு வெளியே இத்துறைக்கு வேறு மூதாதையர் உண்டு. 1930களின் தொடக்கத்தில் ஒஸ்ரியாவின் மரியன்தால் என்ற ஆலைக் கிராமத்தில், ஆலை மூடப்பட்டதால் ஏறத்தாழ முழு ஊருமே வேலை இழந்தது. மரீ யஹோடா, போல் லாசஸ்பெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோர் அங்குள்ள 478 குடும்பங்களை ஆராய்ந்தார்கள். வெறும் பார்வையாளராக எவரும் ஊருக்குள் நுழையக் கூடாது என்பது அவர்களது விதி: உடுப்புச் சேகரித்துக் கொடுத்தார்கள், வைத்தியரைக் கூட்டிவந்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள். தெருவில் மனிதர் நடக்கும் வேகத்தை அளந்தார்கள். வேலையற்ற ஆண்கள் பெண்களைவிட மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். கையில் முழு நாளும் இருந்தபோதும் நூலகத்திலிருந்து எடுக்கப்பட்ட புத்தகங்களின் தொகை குறைந்தது. எண்பதுகளில் ஜேர்மனியின் அகதி முகாம்களில் வேலை செய்ய அனுமதியில்லாமல் இருந்த நண்பர்களுக்கு இந்தக் கண்டுபிடிப்பில் புதிதாக ஒன்றும் இருக்காது. நேரம் பெருகப் பெருக, அதைச் செலவழிக்கும் ஆற்றல் தேய்ந்துபோவதை அவர்கள் தம் உடம்பில் அனுபவித்தவர்கள். 1933இல் நூல் வெளிவந்தபோது, யூதப் பெயர்கள் என்பதால் எழுதியவர்களின் பெயர்களை முகப்பில் போடவில்லை. யஹோடா 1936இல் கைதாகி, நாட்டை விட்டு வெளியேறும் நிபந்தனையோடு 1937இல் விடுதலையானார். மீதி வாழ்க்கை புகலிடத்தில்.

அடுத்தவர் இக்னாசியோ மார்த்தின் பாரோ. ஸ்பெயினில் பிறந்த யேசுசபைத் துறவி. சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் 1979இல் கலாநிதிப் பட்டம் பெற்று எல் சல்வடோருக்குத் திரும்பியவர். மனவடு தனியாளுக்குள் இருக்கும் காயமல்ல, மனிதருக்கிடையிலான உறவுகள் காயப்பட்ட நிலை என்பது அவரது வாதம். யுத்தம் சமூகத்தை இரண்டு துருவங்களாக்குகிறது, பொய்யை நிறுவனமாக்குகிறது, வன்முறையை அன்றாடமாக்குகிறது. 1986இல் பொதுசன அபிப்பிராய ஆய்வு நிலையம் ஒன்றைத் தொடங்கி, அரசு சொல்வதும் மக்கள் நினைப்பதும் வேறு என்று எண்களால் காட்டினார். 1989 நவம்பர் 16ஆம் திகதி, அமெரிக்கப் பயிற்சி பெற்ற அட்லகாட்ல் படைப்பிரிவினர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் புகுந்து அவரையும் வேறு ஐந்து துறவிகளையும், அங்கு பணிபுரிந்த பெண்ணையும் அவரது மகளையும் சுட்டுக் கொன்றார்கள். முன்னாள் கேணல் மொன்ரானோ இதற்காக ஸ்பெயினில் தண்டிக்கப்பட 2020 ஆக வேண்டியிருந்தது.

வகுப்பில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குத் திகதிதான் உறைத்தது. அதற்கு எட்டு வாரங்களுக்கு முன்னர், செப்டெம்பர் 21ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் ரஜனி திராணகம பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவர் உளவியலாளர் அல்ல, உடற்கூற்றியல் கற்பித்தவர். ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், சிறீதரன் ஆகியோருடன் அவர் எழுதிய 'முறிந்த பனை' நூலில் இந்திய இராணுவ காலத்துப் பெண்களின் அனுபவங்களைத் திரட்டி அவர் எழுதிய பகுதியையும், யுத்தத்தின் உளப் பாதிப்புப் பற்றிய சோமசுந்தரத்தின் பகுதியையும் வைத்துப் பாருங்கள். மார்த்தின் பாரோ எதைச் செய்யச் சொன்னாரோ அதை அதே வருடங்களில், அவரைப் படிக்காமலே, யாழ்ப்பாணத்தில் சிலர் செய்துகொண்டிருந்தார்கள். சோமசுந்தரம் தொடர்ந்து எழுதினார். 1998இலும் 2014இலும் வெளிவந்த அவரது இரு ஆங்கில நூல்களில், காயம் தனிமனத்திலிருந்து குடும்பத்துக்கும் சமுதாயத்துக்கும் விரிவதைக் காணலாம். எனது இரண்டு வருட வாசிப்புப் பட்டியல்களில் இவற்றில் ஒன்றுகூட இருக்கவில்லை.

ஆனால் இரண்டு மரணங்களையும் அருகருகே வைத்ததும் ஒரு கேள்வி எழுகிறது. அதை வகுப்பில் வைத்தபோது பதில் வரவில்லை. பாரோவை அரசின் இராணுவம் கொன்றது. அவரது விடுதலை உளவியலில் மக்கள் ஒரு பக்கம், ஒடுக்குமுறை மறுபக்கம்; உளவியலாளர் எந்தப் பக்கம் நிற்பது என்பதில் குழப்பம் இல்லை. ரஜனியின் கொலைக்கு விடுதலைப் புலிகளே பொறுப்பு என்பது அவரது சகாக்களின் குற்றச்சாட்டு. விடுதலை என்ற சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருந்த ஓர் இயக்கம் நமது வாய்களைக் கட்டி வைத்திருந்த காலத்தை என்னவென்று இக்கோட்பாடு விளக்கும்? பேரினவாத அரசின் குண்டும் உள்ளிருந்து வரும் துப்பாக்கியும் ஒரே மனிதரை ஒரே நேரத்தில் குறி வைக்கும்போது 'மக்களின் பக்கம்' என்பது எந்தத் திசை? இதற்கு இலத்தீன் அமெரிக்கர் நமக்குப் பதில் எழுதித் தரப் போவதில்லை. நாம்தான் எழுத வேண்டும். நமது பிள்ளைகள் இத்துறைக்குள் போவதை நான் வரவேற்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

எழுதுவதற்குள் அவர்கள் இரண்டு வாசல்களைக் கடக்க வேண்டியிருக்கும். ஒன்று அறநெறிக் குழு. ஆய்வில் பங்குபற்றுபவர் சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிட வேண்டும் என்பது வழமை. பல்கலைக்கழக முத்திரை பதித்த தாளைக் கண்டதுமே குடிவரவு விசாரணையை நினைப்பவர்களிடம் அதை நீட்ட முடியாது. வாய்மொழிச் சம்மதத்தைப் பதிவுசெய்துகொள்ளக் கனடாவின் விதிகள் இடம் தருகின்றன. கேட்டால்தான் அதைச் சொல்வார்கள். பெயரை மாற்றி எழுதினால் அடையாளம் மறைந்துவிடும் என்றும் அவர்கள் நம்புகிறார்கள். ஊரையும், வந்த வருடத்தையும், எத்தனை பிள்ளைகள் என்பதையும் சொன்னால் நம்மவர் மிச்சத்தைச் சொல்லிவிடுவார்கள்.

மற்ற வாசல் நம்முடையது. எனது களப்பயிற்சி ஒரு தமிழ் அமைப்பில் நடந்தது. பயத்தைப் பற்றி மக்கள் சொன்னதை அறிக்கையில் சேர்த்தபோது, 'இதெல்லாம் பழைய கதை, நிதி தருபவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்' என்று அப்பகுதியை எடுக்கச் சொன்னார்கள். பல்கலைக்கழகத்தில் இருந்த என் வழிகாட்டியும், ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட ஒரு சமுதாயத்தை மேலும் களங்கப்படுத்தலாகாது என்று மிக மென்மையான குரலில் அதையே சொன்னார். ஒருவர் பணத்துக்குப் பயந்தார், மற்றவர் தான் வெள்ளையர் என்பதற்குப் பயந்தார். அந்தத் தொடர்மாடியில் வாய் திறந்து பேசிய பெண்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் இருக்கிறது. அமைப்பின் அறிக்கையில் இல்லை.

ஆகவே விண்ணப்பிக்கும் பிள்ளைகள், இடம் கிடைத்ததும் கையொப்பமிட முன்னர், துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதிச் சிலவற்றைக் கேட்கலாம். ஒலிப்பதிவுகளும் எழுத்துப் பிரதிகளும் யாருக்குச் சொந்தம்? ஆய்வேட்டுக்குத் தமிழ்ப் பிரதி ஒன்று தயாரித்துப் பேசியவர்களிடம் திருப்பிக் கொடுக்க நேரமும் பணமும் உண்டா? களப்பயிற்சி தரும் அமைப்புக்கு மாணவரின் கண்டுபிடிப்பை மறுக்கும் உரிமை இருக்கிறதா? நான் சொன்ன மூவரில் ஒருத்தி இந்த வருடம் அப்படியே எழுதிக் கேட்டாள். முதல் இரண்டுக்கும் ஒரு வாரத்தில் விரிவான பதில் வந்தது. மூன்றாவதைப் பற்றி நேரில் பேசலாம் என்றிருக்கிறார்கள்.